வெங்காய வேரிடம் கேட்போம்: நச்சுத்தன்மையை அறிய ஒரு வகுப்பறைச் சோதனை

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் காலை வேளையில் சிறிது நேரம் நின்றால் போதும். குளிப்பவர்கள் தேய்க்கும் சோப்பு, ஷாம்பு நுரை காவிரி நீரோடு நகர்ந்து போவதைப் பார்க்கலாம். நம் மாணவர்களுக்கு இது பழகிய காட்சி. நீர் மாசுபாடு பற்றிய பாடத்தை நடத்தும்போது அவர்களில் ஒருவர் எழுந்து, “சார், இந்த நுரை கெடுதலா? எவ்வளவு கலந்தால் கெடுதல்?” என்று கேட்கக்கூடும்.

இதில் இரண்டு வினாக்கள் இருக்கின்றன. முதல் வினாவுக்குப் பாடநூலைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது வினாவுக்கு அளந்து பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். எதை வைத்து அளப்பது? எந்த உயிரினத்துக்குக் கெடுதல் என்று பார்ப்பது? இந்த இடத்தில்தான் நச்சியல் என்ற அறிவியல் தொடங்குகிறது. காந்தி சந்தையில் வாங்கிய கால் கிலோ சின்ன வெங்காயத்தைக் கொண்டு அதை நம் வகுப்பறையிலேயே தொடங்கிவிடலாம்.

நஞ்சை அளந்த முறை

ஒரு வேதிப்பொருள் எந்த அளவில் நஞ்சாகிறது என்பதை அறிய, நீண்ட காலமாக விலங்குகளையே பயன்படுத்தி வந்தனர். 1927ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த டிரெவன் என்பவர் ஓர் அளவுகோலை முன்வைத்தார். சோதனைக்கு எடுத்துக்கொண்ட விலங்குகளில் சரிபாதி இறப்பதற்குத் தேவைப்படும் அளவு எதுவோ, அதுவே அப்பொருளின் நச்சு அளவு. இதை ‘எல்.டி. 50’ என்பர். மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் என எல்லாவற்றுக்கும் இந்த எண் கேட்கப்பட்டது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் பல எலிகள் இறந்தன. நீரில் கலக்கும் பொருள்களுக்கு மீன்கள். மீன்களை 96 மணி நேரம் அந்நீரில் விட்டு, எத்தனை இறக்கின்றன என்று எண்ணும் முறை இன்றும் உண்டு.

இதற்கு மறுப்பும் அறிவியலுக்குள்ளிருந்தே எழுந்தது. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்குக்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்துதல், பயன்படுத்தும் எண்ணிக்கையைக் குறைத்தல், தவிர்க்க முடியாத இடத்தில் வேதனையைக் குறைத்தல் ஆகியவை அவை. அடுத்த ஆண்டே, 1960இல், இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. நூல்கள், மாதிரிகள், படங்கள் ஆகியவற்றைக் கொண்டு கற்பிக்க முடிகிற இடங்களில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று அச்சட்டமே கூறுகிறது. பழைய எல்.டி. 50 சோதனைக்கான வழிகாட்டுதலைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2002இல் கைவிட்டது. அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது.

திருச்சியில் ஒரு மையம்

இந்த வரலாற்றில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009ஆம் ஆண்டு மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் நிறுவப்பட்டது. உயிர் அறிவியல் கல்வியில் விலங்குகளுக்கு மாற்றான வழிமுறைகளைக் கண்டு பரப்புவதே அதன் பணி. விலங்கியல் பேராசிரியர் எம். ஏ. அக்பர்ஷா அதன் இயக்குநராக இருந்தார். தவளையையும் எலியையும் அறுத்துக் கற்பித்து வந்த ஒரு துறையைச் சேர்ந்தவர்களே அதற்கு மாற்று தேடியது இதில் குறிப்பிடத்தக்கது.

கல்லூரிகளில் விலங்கியல் பாடத்துக்காக உயிரினங்களை அறுப்பதைப் படிப்படியாக நிறுத்துவதற்கான வழிகாட்டுதல்களைப் பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் வெளியிட்டது. 2014இல் அதை முழுமையாக நிறுத்துமாறு அறிவுறுத்தியது. இன்று கல்லூரிக்குச் செல்லும் நம் மாணவர், முந்தைய தலைமுறை கண்ட மெழுகுத் தட்டில் குத்தி வைத்த தவளையைக் காண்பதில்லை. ஆனால் ‘இதைச் செய்யாதே’ என்று சொல்வதோடு கல்வி முடிந்துவிடாது. அதற்குப் பதிலாக எதைச் செய்வது என்பதையும் காட்ட வேண்டும். தாவரங்கள் அதற்கு ஒரு நல்ல வழி.

ஏன் வெங்காயம்?

மேல்நிலை முதலாமாண்டு தாவரவியல் செய்முறையில், மைட்டாசிஸைக் காண வெங்காய வேர் நுனியைப் பயன்படுத்துகிறோம். நச்சுச் சோதனைக்கும் அதே காரணங்களால் அது பொருத்தமாகிறது. வேர் நுனியில் செல்கள் விரைவாகப் பகுப்படைகின்றன. குரோமோசோம்கள் 16 மட்டுமே. அவை பெரியவை என்பதால் பள்ளி நுண்ணோக்கியிலேயே தெளிவாகத் தெரியும். வேர் நேரடியாக நீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் நீரில் கலந்துள்ள பொருள் முதலில் அதைத்தான் தாக்கும்.

1938இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆல்பர்ட் லெவான், கொல்சிசின் என்னும் நச்சுப்பொருள் வெங்காய வேரில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். வேர் நுனி வீங்கியது. செல்களில் குரோமோசோம்கள் இரட்டித்து நின்றன. அவற்றை இரு துருவங்களுக்கும் இழுத்துச் செல்ல வேண்டிய கதிர் இழைகள் உருவாகவில்லை. செல் பகுப்பு பாதியில் நின்றது. வெங்காய வேரைக் கொண்டு வேதிப்பொருள்களைச் சோதிக்கும் முறைக்கு இந்த ஆய்வே தொடக்கம். 1985இல் கெய்ரிட் ஃபிஸ்கெஷோ அதைச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக்கான ஒரு செந்தர முறையாக வகுத்தளித்தார்.

இதே லெவானின் ஆய்வகத்தில்தான் அவரும் ஜோ ஹின் ட்ஜியோவும் மனித செல்லில் உள்ள குரோமோசோம்கள் 46 என்று கண்டறிந்து 1956இல் வெளியிட்டனர். அதுவரை 48 என்றே நம்பப்பட்டது. செல் பகுப்பை நடுவில் நிறுத்திக் குரோமோசோம்களை எண்ணுவதற்கு அவர்களுக்கு உதவியதும் கொல்சிசின்தான். தாவரச் செல்லில் பழகிய கையும் கண்ணும் மனித செல்லைப் படிக்க உதவின. வெங்காயத்துக்கும் மனிதனுக்கும் இடையே செல் என்ற அளவில் உள்ள உறவை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

செங்காந்தள் கற்பிக்கும் எச்சரிக்கை

கொல்சிசின் எங்கோ ஐரோப்பாவில் மட்டும் கிடைக்கும் பொருளன்று. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் அது உள்ளது. கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் உழவர்கள் அதை மருந்து விதைக்காகப் பயிரிடுகின்றனர். செடியின் எல்லாப் பகுதிகளும் நச்சுடையவை. எனவே அதை வகுப்பறைச் சோதனைக்கு எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. படம் காட்டிப் பேசினாலே போதும்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உள்ளது. கொல்சிசின் செல் பகுப்பைத் தடுக்கும் என்று வெங்காயம் சொன்னது சரி. மனித செல்லிலும் அது அதையேதான் செய்கிறது. ஆனால் எந்த அளவில் என்று கேட்டால் வெங்காயத்தின் பதில் நமக்குப் பொருந்தாது. கதிர் இழையை உருவாக்கும் புரதம் தாவரத்திலும் விலங்கிலும் சற்றே மாறுபடுகிறது. அதனால் விலங்குச் செல்லைப் பாதிக்கும் அளவைப்போலப் பல நூறு மடங்கு கொடுத்தால்தான் வெங்காயச் செல் பாதிக்கப்படும். வெங்காயத்தின் அளவை மனிதனுக்கான பாதுகாப்பு அளவாக எடுத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

வேறு சில இடங்களில் தாவரம் வாய் திறக்கவே திறக்காது. பல பூச்சிக்கொல்லிகள் நரம்பு வேலை செய்வதற்குத் தேவையான நொதியை முடக்குகின்றன. நரம்பே இல்லாத வெங்காயம் அந்தப் பாதிப்பைக் காட்ட இயலாது. இதன் மறுபக்கமும் உண்டு. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி, தாவரங்கள் சில அமினோ அமிலங்களை உருவாக்கத் தேவையான ஒரு நொதியைத் தடுக்கிறது. அந்த நொதி விலங்குகளில் இல்லை. செடி செத்துவிட்டது என்பதாலேயே மனிதனுக்கும் அதே பாதிப்பு என்று சொல்ல முடியாது. மனிதனுக்கு அது தீங்கற்றது என்றும் இதிலிருந்து சொல்ல முடியாது.

ஆகவே தாவரச் சோதனை எல்லா விலங்குச் சோதனைகளுக்கும் மாற்றாகிவிடாது. செல் பகுப்பையும் மரபுப் பொருளையும் ஒரு வேதிப்பொருள் தாக்குகிறதா, கலவையான கழிவுநீர் உயிர் வளர்ச்சியைத் தடுக்கிறதா, பயிருக்கும் நீர்த் தாவரத்துக்கும் கெடுதலா ஆகிய வினாக்களுக்கு அது நேரடியாகப் பதில் தரும். முதல் சல்லடை அது. அங்கேயே பிடிபட்டுவிடும் பொருளை மேலும் சோதிக்க விலங்குகளைத் தேட வேண்டிய தேவை குறைகிறது. குளத்தில் மிதக்கும் லெம்னா என்ற சிறு செடியை ஏழு நாள் வளர்த்துப் பார்க்கும் சோதனை 2006 முதல் பன்னாட்டு வழிகாட்டுதலாகவே உள்ளது.

செயல்பாடு 1: வெந்தயமும் உப்பும் (6 முதல் 8ஆம் வகுப்பு வரை)

நான்கு காகிதக் கோப்பைகளின் அடியில் பஞ்சு பரப்பி, ஒவ்வொன்றிலும் 20 வெந்தயம் இடச் சொல்லுங்கள். முதல் கோப்பைக்கு வெறும் நீர். மற்றவற்றுக்கு ஒரு லிட்டர் நீரில் முறையே 2.5 கிராம், 5 கிராம், 10 கிராம் உப்பு கரைத்த நீர். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஊற்ற வேண்டும். மூன்று நாள் கழித்து முளைத்தவற்றை எண்ணி, முளைவேரின் நீளத்தை அளக்கட்டும்.

உப்பு நாம் தினமும் உண்ணும் பொருள். அதுவே அளவு கூடும்போது விதையை முளைக்கவிடாமல் செய்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று வீட்டில் கேட்ட பழமொழி இங்கே அளவுகோலோடு கண்முன் நிற்கும். வெறும் நீர் ஊற்றிய கோப்பை எதற்கு என்று கேளுங்கள். “அது இல்லாவிட்டால் விதையே கெட்ட விதையா, உப்பு கெடுத்ததா என்று தெரியாது” என்ற பதில் மாணவரிடமிருந்தே வர வேண்டும். ஒப்பீட்டுச் சோதனையின் தேவையை வரையறையாகச் சொல்லித் தருவதைவிட இது நிலைக்கும்.

செயல்பாடு 2: சின்ன வெங்காயமும் சலவைத்தூளும் (9, 10ஆம் வகுப்பு)

தேவையானவை: ஒரே அளவுள்ள 25 சின்ன வெங்காயங்கள், சிறிய கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குவளைகள் 25, சலவைத்தூள், அளவுகோல், கையுறை.

பெரம்பலூர், துறையூர்ப் பக்கத்திலிருந்து வரும் சின்ன வெங்காயம் நமக்கு எளிதில் கிடைக்கும். அறுவடையானவுடன் வந்த வெங்காயம் உடனே வேர்விடாது. சில வாரம் இருப்பில் இருந்த, முளைவிடாத வெங்காயத்தைத் தேர்ந்தெடுங்கள். காய்ந்த மேல்தோலையும் அடியில் உள்ள காய்ந்த வேர்களையும் மட்டும் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். அடித்தட்டு வெட்டுப்பட்டால் வேர் வராது.

ஒரு லிட்டர் நீரில் 4 கிராம் சலவைத்தூளைக் கரையுங்கள். அதில் பாதியை எடுத்துச் சம அளவு நீர் சேர்த்தால் 2 கிராம் கரைசல். மறுபடி பாதியாக்கினால் 1 கிராம். மறுபடியும் பாதியாக்கினால் 0.5 கிராம். ஐந்தாவது தொகுதிக்கு வெறும் நீர். குழாய் நீரில் குளோரின் இருக்கலாம் என்பதால் ஓர் இரவு திறந்து வைத்த நீரையே எல்லாத் தொகுதிகளுக்கும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஐந்து வெங்காயங்கள். அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடும்படி குவளையின் வாயில் வைக்க வேண்டும். வெயில் படாத இடத்தில் வைத்து, தினமும் அதே நேரத்தில் கரைசலை மாற்றுங்கள். நான்காம் நாள் ஒவ்வொரு வெங்காயத்தின் வேர்க்கொத்து நீளத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, தொகுதிவாரியாகச் சராசரி காணட்டும். திருச்சி வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் வெங்காயம் அழுகிவிடக்கூடும். நவம்பர் முதல் ஜனவரி வரை ஏற்ற காலம்.

கணக்கிடும் முறையை விளக்க ஓர் எடுத்துக்காட்டு. இவை முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட எண்களே. வெறும் நீரில் சராசரி நீளம் 40 மி.மீ. என்று கொள்வோம். 0.5 கிராமில் 36, 1 கிராமில் 28, 2 கிராமில் 16, 4 கிராமில் 4 மி.மீ. எனில், வளர்ச்சிக் குறைவு முறையே 10, 30, 60, 90 விழுக்காடு. செறிவை கிடை அச்சிலும் குறைவை நிலை அச்சிலும் குறித்துப் புள்ளிகளை இணைத்தால், 50 விழுக்காடு என்ற கோடு வரைபடத்தை 1.6க்கும் 1.7க்கும் இடையே தொடும். வளர்ச்சியைப் பாதியாக்கும் செறிவு அது. டிரெவன் எலிகளைப் பாதியாகக் குறைத்துக் கண்ட எண்ணுக்கு இணையான ஓர் எண்ணை, ஓர் உயிரும் துடிக்காமல், பத்தாம் வகுப்பு மாணவர் வரைபடத்தாளில் கண்டுவிடுகிறார்.

சோதனைக்குப் பயன்பட்ட வெங்காயத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துச் சென்று சமைக்கக் கூடாது. எண்ணிப் பெற்று, ஆசிரியரே குழியில் புதைத்துவிடுவது நல்லது.

செயல்பாடு 3: நுண்ணோக்கியின் வழியே (11, 12ஆம் வகுப்பு)

வெறும் நீரில் வளர்ந்த வேர் நுனியையும் 0.5 கிராம் கரைசலில் வளர்ந்த வேர் நுனியையும் எடுத்து, வழக்கமான அசிட்டோகார்மைன் சாயமேற்றி நசுக்குத் தயாரிப்பு செய்யச் சொல்லுங்கள். அமிலத்தை ஆசிரியரே கையாள வேண்டும். ஒவ்வொன்றிலும் 200 செல்களை எண்ணி, அவற்றில் பகுப்படையும் செல்கள் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டால் மைட்டாட்டிக் குறியீடு கிடைக்கும். இரண்டு குறியீடுகளையும் ஒப்பிடட்டும்.

அத்துடன் வழக்கத்துக்கு மாறான செல்களையும் தேட வேண்டும். பின்தங்கி நிற்கும் குரோமோசோம், இரு துருவங்களுக்கிடையே பாலம்போல் நீண்ட குரோமோசோம், உட்கருவுக்கு அருகே தனியே கிடக்கும் நுண் உட்கரு ஆகியவை மரபுப் பொருள் சேதமடைந்ததன் அடையாளங்கள். இவற்றைக் காணாவிட்டாலும் ‘காணவில்லை’ என்று எழுதுவதும் ஒரு முடிவே. மதிப்பெண்ணுக்காகப் பாடநூல் படத்தைப் பார்த்து வரையும் பழக்கம் இங்கே உடைய வேண்டும்.

ஆற்று நீரைச் சோதிக்கலாமா?

இவ்வளவும் செய்த மாணவர்கள் அடுத்துக் காவிரி நீரையும் உய்யக்கொண்டான் வாய்க்கால் நீரையும் கொள்ளிட நீரையும் சோதிக்க ஆசைப்படுவார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் நீரை ஆசிரியரோ பெரியவர்களோதான் எடுத்து வர வேண்டும். மாணவர்களை ஆற்றிலோ வாய்க்காலிலோ இறக்கவே கூடாது. கையுறை அணிந்து கையாண்டு, பிறகு சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

இந்தச் சோதனையில் வியப்பு ஒன்று காத்திருக்கலாம். வீட்டுக் கழிவு கலந்த நீரில் வேர், வெறும் நீரில் வளர்ந்ததைவிட நீளமாக வளர வாய்ப்புண்டு. கழிவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் செடிக்கு உரம். உடனே யாராவது ஒருவர், “சார், அப்ப இந்தத் தண்ணி நல்ல தண்ணிதானே?” என்பார். பாடத்தின் உச்சம் இதுவே. டைஃபாய்டு, காலரா கிருமிகள் மனிதனைத்தான் தாக்கும். வெங்காயத்தை ஒன்றும் செய்யா. வெங்காயம் செழித்த நீர் மனிதனைப் படுக்கையில் தள்ளலாம். நாம் வெங்காயத்திடம் வேர் வளர்ச்சியைப் பற்றித்தான் கேட்டோம். குடிக்கலாமா என்று கேட்கவில்லை. கேட்காத வினாவுக்கான பதிலை அதன் வாயில் திணிக்கக் கூடாது.

“செடிக்கு வலிக்காதா?”

இந்தக் கேள்வியும் வரும். சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். தாவரங்கள் ஒளியையும் தொடுதலையும் உணர்ந்து அசைகின்றன. தொட்டாற்சிணுங்கியை வைத்து ஜகதீச சந்திர போஸ் இதைக் கருவிகளால் அளந்து காட்டினார். ஆனால் தூண்டலுக்குத் துலங்குவதும் வலியை உணர்வதும் ஒன்றல்ல. வலியை உணர நரம்பு மண்டலமும் மூளையும் தேவை. தாவரத்துக்கு அவை இல்லை. அதற்காகத் தேவைக்கு மேல் வெங்காயத்தை வீணாக்கவும் வேண்டாம். சோதனைக்கு எத்தனை போதும் என்று முன்கூட்டியே திட்டமிடுவதும் ரஸ்ஸலும் பர்ச்சும் சொன்ன நெறிகளில் ஒன்றுதான்.

முடிவை எழுதும்போது

மாணவரின் குறிப்பேட்டில் கடைசி வரியை மட்டும் கவனமாகத் திருத்துங்கள். ‘சலவைத்தூள் நஞ்சு’ என்றோ ‘ஆற்று நீர் பாதுகாப்பானது’ என்றோ எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். ‘லிட்டருக்கு இத்தனை கிராம் சலவைத்தூள் கரைந்த நீரில், நான்கு நாளில், சின்ன வெங்காய வேரின் வளர்ச்சி இத்தனை விழுக்காடு குறைந்தது’ என்று எழுதச் சொல்லுங்கள். அதன்கீழே, ‘இந்தச் சோதனை எதைச் சொல்லவில்லை?’ என்று ஒரு வினாவை இட்டு, இரண்டு வரி எழுதவும் இடம் விடுங்கள். அந்த இரண்டு வரியைச் சரியாக எழுதத் தெரிந்த மாணவர், நாளை ஒரு மருந்தின் விளம்பரத்தையும் ஓர் ஆலைக் கழிவின் ஆய்வறிக்கையையும் அதே வினாவோடு படிப்பார்.